சீட்டைத் தாழ்த்தியது ஏன்

அன்புள்ள பெரியவளின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

எங்கள் பட்டறையில் பழுதுபார்த்த பிஎம்எக்ஸ் என்ற குட்டையான தாவும் சைக்கிளை மண்மேட்டில் தாவவிட்டுச் சோதிப்பார்கள். "பெருசு, உனக்கு எதுக்கு இந்த வம்பு? பஞ்சர் ஒட்டுனா போதும்," என்றான் மேஸ்திரி. முப்பது வருடம் சைக்கிளோடு கிடந்தவனிடமா இந்தப் பேச்சு?

மறுநாளே மேடேறினேன். சீட்டு தாழ்ந்திருப்பதைக் குறையென்று நினைத்து, என் பழைய சைக்கிளைப்போல உயர்த்தினேன். தாவி இறங்கும்போது அந்தச் சீட்டே என்னை முட்டிக் கவிழ்த்துவிட்டது. உடம்பு மடங்க இடம் வேண்டுமென்றுதான் தாழ்த்தியிருக்கிறார்கள்! தாழ்த்திவிட்டு, நின்றபடியே தாவினேன். இரண்டு சக்கரமும் ஒரு சாண் எழும்பின. பார்க்க ஆளில்லாததால் தாவியதாகவே தோன்றவில்லை.

நாளை மேஸ்திரி முன்னால் தாவுவேன். தைலம் ஒரு புட்டி அனுப்பு; வெறும் சிராய்ப்புதான். பட்டறை மணி அடித்துவிட்டது, வேலைக்குப் போக வேண்டும். ஒரு சாண் என்றதை நீ நம்புகிறாயா என்று மட்டும் உடனே எழுது.

உன் வீட்டுக்காரன்