கரை சேர்ந்த அன்றுதான் பிறப்பு

அப்பா,

பாலன் இயேசு சிலையைச் சுற்றி வைத்திருந்த உங்கள் சாரத் துண்டை இன்று பிரித்தேன். நீலக் கட்டம் போட்ட கைலித் துணி. முன்பெல்லாம் பிரித்த உடனே டீசலும், தோணிப் பலகைக்குப் பூசும் எண்ணெயும் மணக்கும். இப்போது பாச்சை உருண்டை வாடைதான். ஓரத் தையலில் மூக்கை வைத்து அழுத்தினால் கொஞ்சம் நீங்கள் இருக்கிறீர்கள். அல்லது இருப்பதாக நான் நினைத்துக்கொள்கிறேன்.

மூன்று ராஜாக்கள் திருநாளும் முடிந்துவிட்டது. மாப்பிள்ளையூரணியில் நம் தெரு முழுக்க ஸ்டார்களை இறக்கிவிட்டார்கள். நம் வீட்டில் மட்டும் குடில் அப்படியே நிற்கிறது. மாதா, சூசையப்பர், நீங்கள் கழுத்தை ஒட்டவைத்த ஒட்டகம், நடுவில், இன்று காலை வரை, பாலனைக் கிடத்தும் முன்னணை மட்டும் வெறுமையாக. வைக்கோலில் ஈரம் ஏறிவிட்டது. இதோடு ஐந்தாவது கிறிஸ்துமஸ், பாலன் இல்லாத குடில்.

இந்த வழக்கத்தை ஆரம்பித்தது நீங்களா, அம்மாவா, எனக்கு இன்றுவரை தெரியாது. சரக்குத் தோணிக்காரர் வீட்டில் டிசம்பர் என்பது ஆள் இல்லாத மாதம். ஊரே பூசைக்குப் புறப்படும்போது நீங்கள் மாலத்தீவில், மாலித் துறைமுகத்தில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருப்பீர்கள். அதனால் அம்மா பாலனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். நீங்கள் வந்து வைத்தால்தான் நமக்குக் கிறிஸ்துமஸ். புதுத்துணி அன்றுதான், கோழிக்குழம்பும் அன்றுதான். ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் புதுக் கவுனோடு பள்ளிக்கூடம் போனால், பிறந்தநாளா என்று டீச்சர் கேட்பார். ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு வருடம் எஞ்சின் பழுதாகி, சாம்பல் புதன் கழிந்து, தவக்காலத்தில்தான் வந்தீர்கள். அன்று வெள்ளிக்கிழமை வேறு. கறி கிடையாது. நீங்கள் கொண்டுவந்த மாசிக் கருவாட்டை இடித்து அம்மா குழம்பு வைத்தாள். எதிர்வீட்டுப் பெரியம்மா நம் வாசலில் வந்து நின்றுகொண்டு, “ஏளா, தவக்காலத்துல எந்த ஊர்லயாவது பாலன் பொறப்பாரா?” என்று அம்மாவைச் சீண்டினாள்.

நீங்கள் சட்டைகூட மாற்றாமல் குடில் முன்னால் குந்தியிருந்தீர்கள். திரும்பிப் பார்க்காமலே, “மூணு ராசாக்களும் பிந்தித்தான் வந்தாவ மைனி, அவுகள யாரும் வையலையே. கரை சேந்த அன்னைக்குத்தான் பொறப்பு” என்றீர்கள்.

கிறிஸ்துமஸைப் பற்றி நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். படித்தும் இருக்கிறேன். கடவுள் நம்மோடு என்று சாமியார் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தெரிந்தது தோளில் பையோடு வாசலில் குனிந்து நுழைகிற ஒரு ஆள்தான். அதற்கு மேல் அந்த விழாவுக்கு வேறு அர்த்தம் எனக்கு வாய்க்கவே இல்லை. அதுதான் இப்போது பிரச்சினை.

கார்த்திகையில் போனீர்கள். எனக்கு அப்போது மூன்றாம் மாதம். கூடப் போன தோணிகள் புயலுக்குத் தப்பித் திரும்பின. உங்களுடையதில் ஒரு பலகைகூட அகப்படவில்லை. ஏழு வருடம் முடிந்தால்தான் இறந்தவர் என்று எழுதித் தருவார்களாம். அம்மா இன்னும் உங்கள் பெயருக்கு இறந்தோர் பூசை வைக்கவில்லை. நானும் இன்று வரை பாலனை வெளியே எடுக்கவில்லை. எடுத்து வைத்தால், இனி வரமாட்டீர்கள் என்று மகளே கையெழுத்துப் போட்டது போல. அரசாங்கமே பொறுத்திருக்கும்போது நான் எப்படி அவசரப்படுவது?

அதற்குப் பிறகு பயப்படுவதே எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. உங்கள் மருமகன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். கரையில்தான் வேலை. இருந்தாலும் இருபது நிமிடம் பிந்தினால் போன் மேல் போன் போடுவேன். உங்கள் பேத்தியை நான் ஒருநாளும் கடற்கரைக்குக் கூட்டிப்போனதில்லை. தூத்துக்குடியில் பிறந்து, மூன்றரை வயதாகியும் கடல் பார்க்காத பிள்ளை. கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்.

கோயில் குடிலில் பாலனைப் பார்த்துவிட்டு வந்தவள், நம் வீட்டுப் பாலன் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தாத்தா வந்ததும் வருவார் என்று சொல்லிவைத்தேன். யோசிக்கவில்லை. அம்மா எனக்குச் சொன்னதுதான், அப்படியே வாயில் வந்துவிட்டது.

இன்று காலை குடிலுக்குள் எறும்பு வரிசை போனது. பார்த்தால், முன்னணையில் பாதி கடித்த மக்ரூன். மேலே அவளுடைய கைக்குட்டை போர்த்தியிருந்தது. யார் வைத்தது என்று கேட்டேன்.

“பாலனுக்குப் பசிக்கும்லா. தாத்தா கூட்டிட்டு வந்த ஒடனே திங்கட்டும்.”

சின்ன வயதில் நான் காத்திருந்தபோது, எவ்வளவு பிந்தினாலும் கடைசியில் நீங்கள் வந்தீர்கள். இவளுக்கு வெறும் காத்திருப்பை மட்டும் பழக்கிக்கொண்டிருக்கிறேன். அலமாரியைத் திறந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தடுப்பாள் என்று நினைத்தேன். தடுக்கமாட்டாளா என்றுகூட இருந்தது.

“வையி. அவுக வந்தா எடுத்துட்டு, அவுக கையால திரும்ப வைக்கச் சொல்லுவோம்” என்றாள். கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். பாதிக்கீரை தரையில் கிடந்தது.

எறும்பைத் தட்டிவிட்டு வைத்தேன். இடது கைவிரல் உடைந்த ஒரு சின்ன பொம்மை. மனதுக்குள் ஏதாவது அசையும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. இவ்வளவுதானா அப்பா? இதற்காகவா நாங்கள் இத்தனை வருடம் பயந்தோம்?

உங்கள் பேத்தி ஒருமுறை குனிந்து பார்த்தாள். பிறகு பாலனை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். கேட் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டு, தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

“தாத்தா எங்கம்மா?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். உங்கள் சாரத் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடியே போய் அவள் பின்னால் நின்றேன்.

நானும் எட்டிப் பார்த்தேன், அப்பா.