எந்த துஆவைக் கேட்பது, மதினி?

மதினி,

இன்று காலை போடியில் மழை பிடித்தது. ஏலக்காய்க் கடையின் கூடத்தில் உட்கார்ந்து, சுளகில் காயைப் பரப்பிப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கூரைத் தகரத்தில் முதல் துளிகள் விழுந்ததும் பக்கத்தில் இருந்த பெண்கள் மூச்சை ஆழ இழுத்தார்கள். "என்னா மண்வாசம்!" என்றாள் ஒருத்தி. நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரியும்.

ஊருக்கே பிடித்த அந்த வாசனை உங்களுக்கும் எனக்கும் ஆகாமல் போய்விட்டது. மலைச்சரிவு விழுந்த மறுநாள் நாம் மேலே போனபோது அந்த இடம் முழுக்க இதுதான் வீசியது. மலையின் வயிற்றைக் கிழித்து வெளியே போட்டதுபோல் சிவப்பு மண். ஏலச்செடிகள் வேரும் கிழங்குமாகக் கவிழ்ந்து கிடந்தன. நசுங்கிய கிழங்கிலிருந்து இஞ்சியைத் தட்டியதுபோல ஒரு மணம் வந்து அந்த ஈரமண்ணோடு கலந்திருந்தது. வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் உங்கள் முந்தானையில் அது இருந்தது. "துவைச்சும் போகல ஜமீலா" என்றீர்கள்.

நமக்கு ஒரே வயது. அண்ணன் மனைவி என்ற முறைக்காக நான் மதினி என்பேன், நீங்க என்பேன். நீங்கள் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவீர்கள். என் வீட்டுக்காரர் கடையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்து மவுத்தானபோது, என்னைக் கையைப் பிடித்து அழைத்து வந்து உங்கள் வீட்டு முன்னறையைக் கொடுத்தது நீங்கள்தான். நான் வெளியே போகாமல் இருந்த இத்தா நாட்கள் முடியும்வரை நீங்களும் ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை. என் துக்கத்துக்கு ஒரு முறை இருந்தது. குளிப்பாட்டினார்கள், கஃபன் துணி சுற்றினார்கள், தொழவைத்தார்கள், மண் போட்டார்கள். அழுவதற்கு ஒரு தொடக்கம் இருந்தது, அடங்குவதற்கு ஓர் எல்லையும் இருந்தது. உங்களுக்கு வந்ததற்கு இரண்டுமே இல்லை.

அண்ணன் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஓட்டினார். விடியும் முன்னே பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு தாண்டிப் போவார், பொழுது சாய இறக்கிவிடுவார். அவர் கிளம்பும்போது நீங்கள் வாசலில் நின்று, "ஃபீ அமானில்லா" என்பீர்கள். அல்லாவின் பாதுகாப்பில் விட்டேன் என்று அர்த்தம். அது போதாது என்பதுபோல, "வெரசா வந்துருங்க" என்றும் சொல்வீர்கள்.

"வராம எங்க போறேன்?" என்று சொல்லிக்கொண்டே சாவியைத் திருகுவார்.

அன்றைக்கும் அப்படித்தான் போனார். மேலே மழை நிற்காமல் கொட்டியதால் பெண்கள் காய் உலர்த்தும் கட்டடத்தில் ஒதுங்கியிருந்தார்கள். "தண்ணி ஏறுது. ஜீப்ப மேட்டுல போட்டுட்டு வர்றேன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு அண்ணன் வெளியே போயிருக்கிறார். அவர்கள் கேட்டது அதுதான் கடைசி. கொஞ்ச நேரத்தில் மலை இறங்கியது. ஒதுங்கியிருந்த பெண்கள் எல்லோரும் பிழைத்தார்கள். ஜீப்பு ஓடையில் தலைகீழாகக் கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. செடிக்கு மருந்தடிக்கப் போயிருந்த தேவாரம் ஊர்ப் பையன் ஒருவனையும் காணவில்லை.

இயந்திரங்கள் வந்தன, மோப்ப நாய்கள் வந்தன. நீங்கள் ஒரு பாறைமேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தீர்கள். ஒவ்வொரு முறை இயந்திரம் மண்ணை அள்ளி நிமிரும்போதும் உங்கள் விரல் நின்றுவிடும். கொட்டிய மண்ணில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி உருளும். எஸ்டேட்டின் மலையாளி மேற்பார்வையாளர் வந்து, "சேச்சி, இனி நிக்கண்டா, மழ கூடுது" என்று கெஞ்சித்தான் உங்களை எழுப்பினார். சில நாட்களில் தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

பள்ளிவாசல் ஹஸ்ரத் வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். "ஜனாஸா தொழ வைக்க மய்யித்து வேணும்மா, ஒடம்பு கிடைக்கலியே. கண்ணால பார்த்த சாட்சியும் இல்ல. பொறுத்திருங்க, அல்லாகிட்ட துஆ கேளுங்க" என்றார். திரைக்குப் பின்னால் நின்ற நீங்கள் கேட்டீர்கள்:

"ஹஸ்ரத்து, உசுரோட இருக்கறவங்களுக்குக் கேக்குற துஆ ஒண்ணு இருக்கு. மவுத்தானவங்களுக்குக் கேக்குறது ஒண்ணு இருக்கு. அவருக்கு நான் எதக் கேக்க?"

"எனக்கும் சொல்லத் தெரியலம்மா. கேக்கறத மட்டும் விட்டுறாதீங்க" என்றார். அந்த மனிதர் தெரியாது என்று ஒத்துக்கொண்டதற்காக அவரை எனக்குப் பிடித்துப்போனது.

உங்களை 'ஸப்ரு உள்ள பொம்பள' என்று தெருவில் சொன்னார்கள். அது எப்படிப்பட்ட பொறுமை என்று கூட இருந்த எனக்குத்தான் தெரியும். மதிய லுஹர் தொழுதுவிட்டு நீங்கள் நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவிலேயே கிடந்த ஒரு நாள், அடுப்படியில் நின்ற என் காதில் விழுந்தது: "இருக்காருன்னு சொல்லு. இல்ல, இல்லன்னாச்சும் சொல்லு. ஒண்ணுமே சொல்லாம இருக்காத." முந்தானையைக் கடித்துக்கொண்டு சொன்னீர்கள். எழுந்து வந்து ஒன்றும் நடக்காததுபோலக் குழம்பை இறக்கினீர்கள்.

எனக்கு அவ்வளவுகூட முடியவில்லை. புருஷன் போனபோதுகூட ஒரு வக்து தொழுகையும் விடாதவள், என் முசல்லா விரிப்பைச் சுருட்டி பீரோவின் மேல் போட்டுவிட்டேன். கேட்டு என்ன ஆகப்போகிறது என்றிருந்தது. நீங்கள் கண்டிக்கவில்லை. "நீ தொழலன்னா போகுது. பக்கத்துல வந்து உக்காரு. தனியா கேக்க பயமா இருக்கு" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் தொழும்போதெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். அதைத் தவிர நான் உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை.

கம்பத்திலிருந்து உங்கள் அண்ணன் வந்தார். பிள்ளை இல்லை, வயதும் ஆகிவிடவில்லை, எவ்வளவு நாள் இப்படி என்பது அவர் கவலை. பாசத்தில்தான் வந்தார். "பெரிய ஆலிம்கள்ட்ட கேட்டுட்டோம். சில வருசம் காத்திருந்தா அதுக்கப்புறம் வழி இருக்காம். வேற வாழ்க்க அமைச்சுக்கலாம். நீ மனச தயார் பண்ணு" என்றார்.

"அதுக்கு அவரு இல்லன்னு நான் வாயால சொல்லணும்லண்ணே."

"இருக்காருன்னா நெனைக்கிற?"

"அதயும் சொல்லல. எனக்குத் தெரியாது. தெரிஞ்சவன்கிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன். அவன் சொல்றவரைக்கும் என்னய விட்டுருங்க."

அவர் சாப்பிடாமலேயே பஸ் ஏறினார். நீங்கள் தெருமுனைவரை பார்த்துக்கொண்டே நின்றீர்கள். அம்மா வீட்டுக்குப் போக ஆசை இருந்தும் இங்கேயே நின்றீர்கள் என்று உங்கள் முகத்தில் தெரிந்தது.

மறு கோடையில் போன் வந்தது. ஓடையில் அடைத்துக் கிடந்த மண்ணை அள்ளும்போது ஓர் உடல் கிடைத்திருக்கிறது, வந்து அடையாளம் பாருங்கள் என்றார்கள். நாம் இருவரும் பஸ்சில் ஏறினோம். முந்தல் தாண்டி வளைவுகளில் பஸ் ஏற ஏற உங்கள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"என்ன கேக்குறீங்க மதினி?"

"அவரா இருக்கணும்னு கேக்க வாய் வரல. அவரா இருக்கக் கூடாதுன்னு கேக்கவும் வாய் வரல. அவரு பேர மட்டும் சொல்லிக்கிட்டு வர்றேன். மிச்சத்த அவனே பார்த்துக்கட்டும்."

ஆஸ்பத்திரியின் பிண அறைக்கு முன்னால் இருந்த வராந்தாவில் தேவாரத்து அம்மா நமக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். காணாமல் போன அந்தப் பையனின் தாய். முதலில் அவரைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்தவர் நேராக உங்களிடம் வந்தார்.

"எம் மகந்தான் ஆத்தா. பைக்குல விழுந்தப்ப கால்ல தகடு வச்சோம்ல, அது இருக்கு. கிடைச்சிட்டான். எம்புள்ள கிடைச்சிட்டான்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை நான் எந்தச் சாவு வீட்டிலும் பார்த்ததில்லை. அடுத்த மூச்சில்தான் அவருக்குக் கூப்பாடு வந்தது. தரையில் விழுந்தவரை நீங்கள் மடியில் தாங்கினீர்கள். அழுகைக்கு நடுவே அவர் உங்கள் முகவாயைத் தொட்டு, "ஒம் புருசனும் கிடைச்சிருவாரு தாயி. எனக்குக் குடுத்த சாமி ஒனக்கும் குடுக்கும்" என்றார். வண்டி வந்து உடலை ஏற்றும்வரை அவர் கையை நீங்கள் விடவில்லை. வண்டி நகர்ந்ததும் அந்த வராந்தாவிலேயே இரண்டு கையையும் ஏந்தி, "யா அல்லா, இந்தத் தாயத் தாங்கிக்க" என்று கேட்டீர்கள்.

பஸ் மலையிறங்கும்போது ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னீர்கள்: "எனக்கு அந்தம்மா மேல பொறாமையா இருந்துச்சு ஜமீலா. பெத்த புள்ளயோட எலும்பு கிடைச்சதுக்குப் பொறாமப்பட்டேன். என்னய எந்த எடத்துல கொண்டாந்து நிறுத்திட்டான் பாரு." நான் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு நீங்கள் கேட்டது வேறாக இருந்தது. எனக்குக் கேட்க வேண்டும் என்றுதானோ என்னவோ, சத்தமாகவே சொன்னீர்கள்: "தெனமும் ஒன்கிட்ட ஒப்படைச்சுத்தான் அனுப்புனேன். ஒப்படைச்சதத் திருப்பித் தா, திருப்பித் தான்னு இத்தன நாளு கேட்டேன். இனி அப்படிக் கேக்கல. எங்க வச்சிருக்கியோ அங்க பத்திரமா வச்சிரு." இருப்பவருக்கும் அது பொருந்தியது, இல்லாதவருக்கும் பொருந்தியது. ஹஸ்ரத்துக்குத் தெரியாத விடையை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். உங்களுக்கு நிம்மதி வந்துவிட்டது என்றும் நினைத்தேன். நிம்மதி வரவில்லை. ஜீப்புச் சத்தம் கேட்டால் அதற்குப் பிறகும் வாசலுக்குப் போனீர்கள். போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்து தொழுதீர்கள்.

வயிற்று வலியை எவ்வளவு நாள் மறைத்தீர்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தேனி ஆஸ்பத்திரியில் கட்டி என்றார்கள், பரவிவிட்டது என்றார்கள். வார்டில் உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து ஆத்திரத்தோடு கேட்டேன்: "இதுக்கும் அவன்கிட்டதான் கேக்கணுமா மதினி?"

"வேற யாருகிட்ட கேக்க? நீ யாரையாச்சும் பார்த்து வச்சிருக்கியா?" என்றீர்கள். வலியோடு சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டேன். நாம் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

பிறகு சிரிக்க எதுவும் இல்லை. மருந்து பிடிக்காத நாட்களில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகினீர்கள். எழுந்து தொழ முடியாமல் கண்ணிமையை அசைத்துத் தொழுதீர்கள். வலி குறையவும் இல்லை, அண்ணனைப் பற்றி ஒரு சேதி வரவும் இல்லை. கேட்ட எதுவும் கிடைக்காமல் ஒருத்தி கேட்டுக்கொண்டே இருப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் என் கையை இழுத்தீர்கள்.

"நான் போயிட்டா அவருக்கு யாரு கேப்பா? நீ கேளு ஜமீலா. கோவமா இருந்தா கோவத்தோட கேளு. சண்ட போட்டுக்கிட்டாச்சும் கேளு."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். மறுநாள் லுஹர் பாங்குக்கு முன்பே போய்விட்டீர்கள்.

உங்களைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. கஃபன் துணியில் உங்கள் முகத்தைக் கடைசியாக மூடியது என் கைதான். ஆண்கள் சந்தூக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்கள். தொழுது, அடக்கிவிட்டு, ஹஸ்ரத் வீட்டுக்கு வந்து நின்றார். "அவங்களுக்குக் கேக்கும்போது அவருக்கும் சேர்த்துக் கேட்டோம்மா" என்றார்.

"எந்த துஆ கேட்டீங்க ஹஸ்ரத்து?"

அவர் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படி இறங்கினார்.

அந்த வாரமே பீரோவின் மேல் கிடந்த முசல்லாவை இறக்கி உதறினேன். எனக்கு ஈமான் பெருகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தலையாட்டிவிட்டேன், அதனால் இறக்கினேன். இன்றும் பாதித் தொழுகையில் கோபம் வரும். ஏன் என் மதினிக்கு ஒரு சொல்கூடச் சொல்லாமல் கொண்டுபோனாய் என்று கேட்பேன். பதில் வந்ததில்லை. மறுநாளும் அதே இடத்தில் போய் நிற்கிறேன். நம்பிக்கை என்பது இதுதானா, வெறும் பழக்கமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இருந்தால் கேட்டிருப்பேன்.

விடிகாலை ஸுபுஹு தொழுது முடிந்ததும் கையை ஏந்துகிறேன். முதலில் என் வீட்டுக்காரருக்கு. அடுத்து உங்களுக்கு. இரண்டு பேருக்கும் எதைக் கேட்பது என்று தெரியும், தடங்கலில்லாமல் வருகிறது. அண்ணன் பேர் வந்ததும் நாக்கு நின்றுவிடும். ஏந்திய கையை இறக்க முடியாமல் அப்படியே இருப்பேன். தெருவில் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் போய்க்கொண்டிருக்கும்.

அவர் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும், மதினி. எனக்குத்தான் இன்னும் தெரியாது. அதனால் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.