வண்டி வராத ரோடு

டிசம்பர் 7, ஞாயிறு

பனி. வெகுநேரம் ஆற்றின் அக்கரையே தெரியவில்லை. பூசைக்கு சைக்கிளில் தனியாக. வீட்டுக்காரர் சகாயம் வரவில்லை. மாமாவின் காலுக்குக் கட்டு மாற்ற ஆள் வேண்டும். மாமனாருக்குச் சர்க்கரைப் புண், இடது கால்.

பாறை வளைவில் சைக்கிள்காரர்கள் கும்பலாக. சேலம், பெங்களூர் ஆட்கள். ஞாயிறு தவறுவதில்லை. இறுக்கமான சட்டை, ஹெல்மெட், ஆளுக்கொரு வாழைப்பழம். ஒரு பெண் போனை நீட்டினாள்.

"அக்கா, ஒரு ஸ்மைல். ரோடு எவ்ளோ அமைதி பாருங்க! குடுத்து வெச்சவங்க நீங்க."

நான் சிரிக்கவில்லை. குளிரில் பல் கிட்டியிருந்தது. அது சிரிப்பாகத் தெரிந்திருக்கும்.

குடுத்து வைத்தவளாம். தீபாவளி மழையில் மண் சரிந்தது. கீழே பாலத்தில் வனத்துறைக்காரர்கள் இரும்பு கேட் போட்டார்கள். பஸ் நின்றது. மண்ணை எப்போதோ அள்ளியாயிற்று, கேட் மட்டும் அப்படியே. நடக்கலாம், சைக்கிளில் போகலாம். மோட்டார் வைத்த எதுவும் கூடாது. அவசரத்துக்கு பைக் எடுத்த சகாயத்தைப் பிடித்து, பைக்கைக் கேட் பக்கத்திலேயே சங்கிலி போட்டு நிறுத்திவிட்டார்கள். சீட்டெல்லாம் காக்கை எச்சம்.

வாங்க வேண்டியது: பஞ்சு, கட்டுத்துணி, கோதுமை ரவை, கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு பல்பு.

டிசம்பர் 10, புதன்

வெயில் நன்றாக. நான் வேலை பார்க்கும் பாப்பிரெட்டிப்பட்டி மருந்துக் கடை வரைக்கும் காலையில் முக்கால்வாசி இறக்கம்தான். சாயங்காலம் அத்தனையும் ஏற்றம். நாத்தனாருக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள். செயின் இரண்டு முறை கழன்றது. கை முழுக்க மசி.

ஒன்றை இங்கே மட்டும் எழுதலாம். காலையில் அந்த இறக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஹாரன் இல்லை, புகை இல்லை. ஆறு கூடவே வருகிறது. பெடலை மிதிக்காமல், பின்னால் எவன் வருகிறான் என்று திரும்பிப் பார்க்காமல், ரோட்டின் நடுவில் போகலாம். கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த ரோட்டை நான் இப்படிப் பார்த்ததில்லை. அது பிடித்திருக்கிறது என்பதே எரிச்சலாக இருக்கிறது.

சந்தைக்கு ஏற்ற வண்டியில்லாமல் சகாயத்தின் தக்காளி செடியிலேயே அழுகுகிறது. இதையும் எழுத வேண்டும்.

டிசம்பர் 12, வெள்ளி

கடை முதலாளி அண்ணன் போனைக் காட்டினார். "என்னா ஸ்டெல்லா, நீ பேமஸ் ஆயிட்ட போல?"

என் படம். பனி, சைக்கிள், பல். கீழே: "வண்டியே வேண்டாம் என்று வாழும் மலைக்கிராமத்துப் பெண். இவர்களிடம் நாம் கற்க வேண்டும்." அதற்கும் கீழே, இந்த ரோட்டை எப்போதும் வண்டியில்லாத சைக்கிள் பாதையாக வைத்திருக்கச் சொல்லி ஒரு மனு. ஊர் மக்களே சந்தோஷமாக இருக்கிறார்களாம். அத்தாட்சி என் பல்.

வேண்டாம் என்று யார் சொன்னது? நானா?

மாத்திரை எண்ணும்போதும் அதே நினைப்பு. இரண்டு தரம் தப்பாக எண்ணினேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது பாலத்தில் சைக்கிள்காரர்களின் தலைவரைப் பிடித்துக்கொண்டேன். ஐம்பது வயதிருக்கும். மரியாதையான ஆள். அதுதான் கஷ்டம்.

"சார், அந்தப் படத்த எடுத்துடுங்க. மனுவையும்."

"தப்பா எதுவும் போடலீங்களே. பெருமையாதான் போட்டிருக்கோம்."

"எங்க ஊருக்கு பஸ் வேணும் சார்."

"பஸ் மட்டும் வராதுங்க. பின்னாடியே டெம்போ வரும், பைக் ரேஸ் வரும், பாட்டில் வரும். இந்த ஆறு அப்புறம் ஆறா இருக்காது." கொஞ்சம் நிறுத்தினார். "தொப்பூர் கணவாயில என் பிரெண்ட லாரி அடிச்சுது. நான் பின்னாடியே வந்துட்டிருந்தேன். அதுக்கப்புறம் எங்களுக்குன்னு ரோடே கிடையாதுங்க. இது ஒண்ணுதான்."

சைக்கிளை மிதித்துக் கிளம்பிவிட்டேன். பாதி தூரம் வந்த பிறகுதான் பதில் வந்தது: எங்களுக்கும் இது ஒன்றுதான். ஆற்றைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

டிசம்பர் 17, புதன்

விடிந்ததும் பார்த்தால் மாமாவுக்குக் காய்ச்சல், கால் வீக்கம், நாற்றம். சகாயம் 108-க்குப் போன் போட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. கேட் வரைக்கும்.

காவலாளி, "சாவி ஆபீஸ்ல இருக்குதுங்க. நான் என்னா பண்ண?" ஆபீஸில் யாரும் போன் எடுக்கவில்லை.

மாமாவை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, சகாயம் ஹேண்டில்பாரைப் பிடிக்க, நான் பின்னாலிருந்து முதுகைத் தாங்கிக்கொண்டு, அத்தனை தூரம். மழைத் தூறல். காலைத் துணிப்பையால் சுற்றியிருந்தேன். ஒரு கல்லிலும் அவர் முனகவில்லை. "வாழ மரத்தத் தூக்கினு போற மாதிரி போறீங்க" என்றார்.

ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தியதும் சகாயம் கேட்டை எட்டி உதைத்தார். கேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

தர்மபுரி ஆஸ்பத்திரி. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். காலைக் காப்பாற்றிவிட்டோம் என்றார் டாக்டர்.

மாமா மயக்கம் தெளிந்து: "விரலு போனா போவுது. பஸ்ஸு வுட்டானா?"

வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் நின்று அழுதேன். துக்கம் இல்லை. யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது, கைக்கு எட்டும் தூரத்தில் யாரும் இல்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

இன்று சைக்கிள்காரர்களுக்குப் பெரிய ஓட்டம். ஆஸ்பத்திரியில் சகாயம் இருந்தார், மாற்றுத்துணி எடுக்க நான் ஊருக்கு வந்தேன். பாலத்தில் பந்தல், மைக், சந்தனத் தட்டு. நாற்காலி ஏற்றிய டெம்போ கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தது.

உள்ளே.

காவலாளியைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டான். நாற்காலிக்குச் சாவி கிடைத்திருக்கிறது.

மேடைக்குப் பின்னால் பேனர். ஆள் உயரத்துக்கு என் முகம்.

பக்கத்து வீட்டுப் பெருமாயி அக்கா மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். அவர் புல்லுக்கட்டிலிருந்து அருவாளை உருவினேன். யாரும் தடுக்கவில்லை, என்ன செய்யப்போகிறேன் என்று யாருக்கும் புரியவில்லை. எனக்கும்தான். பேனரில் என் முகத்தைச் சுற்றி அறுத்தேன். டர்ரென்று வந்தது. சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டேன்.

"இது என் மூஞ்சி. யாரக் கேட்டுப் போட்டீங்க? எங்க மாமாவுக்கு வெரலு போயிடுச்சி. ஆம்புலன்ஸ் இங்கதான் நின்னுது. இந்தக் கேட்டுலதான். அன்னைக்கு சாவி இல்ல. இன்னைக்கு நாற்காலிக்கு எங்கிருந்து வந்துது?"

பக்கத்தில் இருந்த மைக்கில் எல்லாம் விழுந்துவிட்டது, பாலம் பூராவும் கேட்டிருக்கும்.

தலைவர் முகம் வெளுத்துவிட்டது. "ஆம்புலன்ஸ் வந்தது எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா."

"தெரிஞ்சிக்கணும்னு நெனச்சீங்களா சார்?"

சிறப்பு விருந்தினராக வந்திருந்த வனத்துறை அதிகாரி எழுந்து, "நாளைக்கே பேசி முடிவு பண்ணலாம்மா" என்றார். எல்லோரும் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பெருமாயி அக்கா புல்லுக்கட்டைக் கேட்டுக்கு நடுவில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். "நாளைக்கி என்னாங்க? தொறந்துதான இருக்குது. இனி சாத்தாதீங்க, அவ்ளோதான்."

ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். மதியம் வெயில் ஏறியது. சைக்கிள்காரர்கள் சுருக்கமாகப் பேசிக்கொண்டு கிளம்பினார்கள். கடைசியில் அதிகாரி சரியென்றார், பூட்டைக் கழற்றி அவர் டிரைவர் ஜீப்பில் போட்டுக்கொண்டான். சகாயத்தின் பைக் சங்கிலியையும் அவிழ்க்கவைத்தோம்.

ஜெயித்தோம் என்று பெருமாயி அக்கா சொன்னார். நான் சுருட்டிய முகத்தை அக்குளிலேயே வைத்துக்கொண்டு மாற்றுத்துணி எடுக்க நடந்தேன்.

டிசம்பர் 24, புதன்

பஸ் வந்தது. மாமா அதில்தான் வந்து இறங்கினார், சகாயத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு. நட்சத்திரம் கட்டியாயிற்று. பல்பு ஒன்று எரியவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

லேசான மேகம். பாறை வளைவில் உடைந்த பீர் பாட்டில்கள். ஆற்றில் டெம்போவை இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தான் ஒருவன். பஸ் ஜன்னலிலிருந்து கத்தினேன். அவன் கை காட்டிச் சிரித்தான்.

பூசைக்கு பஸ்ஸில்தான் போனேன். சைக்கிள் திண்டாட்டம் இல்லை, கால் வலி இல்லை. ஹாரன் காதைக் கிழித்தது.

அடுத்த இறக்கத்தில் முன்னால் ஒரே ஒரு சைக்கிள். அந்தத் தலைவர். கும்பல் இல்லை, தனியாக. ரோட்டின் ஓரத்தில், மண்ணை ஒட்டி. டிரைவர் ஹாரனை அழுத்தியபடி அவரை உரசுகிற மாதிரி நெருங்கினார். அவர் தோள் உள்ளே ஒடுங்குவது தெரிந்தது. திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

எழுந்து முன்னால் ஓடினேன். "அண்ணா! தள்ளிப் போங்க! ஆளு போறாரு தெரியல?"

பஸ் விலகியது. அவரைத் தாண்டி வந்துவிட்டோம். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"வேண்டியவராம்மா?"

"இல்லண்ணா. மெதுவா போங்க."