கையைக் கழுவிட்டு வா

மார்ச் 6, வெள்ளி

இடது தோள் போய்விட்டது. தைலம் தேய்த்தும் பலனில்லை. பகலெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் நானே லிஃப்ட். முதலாளியம்மாவை (மகளை அப்படித்தான் கூப்பிடுகிறேன், அவளுக்கு எட்டு மாதம்) தோளில் போட்டு, ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்து, "ஏழாவது தளம்... ஆறாவது தளம்..." என்று லிஃப்டில் வரும் அறிவிப்புக் குரலிலேயே இறங்கி வந்தால்தான் கண்ணை மூடுவாள். தரைத்தளம் வந்ததும் குட்டிக் கட்டிலில் கிடத்துவேன். முதுகு மெத்தையில் பட்டதும் முழித்துக்கொள்வாள். மறுபடி ஏழாவது தளம்.

மார்ச் 7, சனி

அடுத்த தெருவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவைப் போய்ப் பார்த்தோம்.

"எப்படித் தூங்குவா?"

"தோள்ல."

"அப்ப முடியாது தம்பி. எனக்கு இருக்கறது ரெண்டு தோள். பிள்ளைங்க அஞ்சு. படுக்கப் போட்டா தானாத் தூங்கணும். பழக்கிக் கூட்டிட்டு வாங்க, முப்பதாம் தேதி வரைக்கும் இடம் வச்சிருக்கேன்."

அந்த முப்பதாம் தேதிதான் மனைவி மருந்துக்கடை வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள். இன்னொரு முறை தள்ளிப்போட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது அவள், "வீட்லயே இருந்து இருந்து என் மூளை பூஞ்சை பிடிச்சுப் போச்சு" என்றாள்.

மார்ச் 10, செவ்வாய்

இன்று ஆரம்பித்தேன். விளக்கை அணைத்தேன், பாட்டு கிடையாது, நடை கிடையாது, முழித்திருக்கும்போதே கிடத்திவிட்டேன். அவள் முனகியதும் எடுத்தேன். கிடத்தினேன். எடுத்தேன். கடைசியில் மூன்று பேரும் அழாத குறை. குறை என்ன, ஒருத்தி அழுதுகொண்டுதான் இருந்தாள்.

"இது என்ன மெஷினா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாக்க?" என்றாள் மனைவி.

நான் என்ன செய்ய? எங்கள் தொழிலில் முதல் பாடமே அதுதான்: உள்ளிருந்து அலாரம் அடித்தால் கையில் இருக்கும் சோற்றை வைத்துவிட்டு ஓடு. மாட்டிக்கொண்டவனுக்கு ஒரு நிமிஷம் ஒரு யுகம்.

மார்ச் 13, வெள்ளி

யாரும் தூங்கவில்லை. எழுதத் தெம்பில்லை.

மார்ச் 15, ஞாயிறு

"நான் வேலைக்குப் போகல, விடு" என்றாள். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சட்டையை மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். கடைக்கு உடுத்திப் போகத் தேய்த்து வைத்திருந்த சட்டை அது.

என்னத்த விட? ஒரு பிள்ளையைத் தூங்க வைக்கத் தெரியல, நானெல்லாம் என்ன டெக்னீஷியன்?

மார்ச் 17, செவ்வாய்

நிதானமாக எழுத வேண்டும்.

இன்று எனக்கு விடுமுறை. மனைவி காய்கறி வாங்கப் போயிருந்தாள். டேபிள் ஃபேன் கிறீச்சிடுகிறது என்று பிரித்துப் போட்டிருந்தேன். முதலாளியம்மா கட்டிலில் விளையாடிக்கொண்டிருந்தாள். மதியத் தூக்கத்துக்கு நேரமாகி முனக ஆரம்பித்தாள். என் கையோ முழங்கை வரைக்கும் கிரீஸ். அந்தக் கையால் எப்படித் தூக்குவது?

"வர்றேன், வர்றேன்" என்று கத்திக்கொண்டே குழாய்க்கு ஓடினேன். கிரீஸ் லேசில் போகிற சாமானா? சோப்பு வழுக்குகிறது, நகத்துக்குள் கறுப்பு. உள்ளே ங்... ங்... என்று ஏறிய சத்தம் மெல்ல இறங்கியது. பிறகு நின்றேவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. நுரையோடு ஓடினேன்.

தூங்குகிறாள். கன்னத்தில் ஒரு முஷ்டி, வாய் லேசாகத் திறந்து, மூச்சு சீராக.

தரையில் நுரை சொட்டச் சொட்ட நின்றேன். அது அலாரமே இல்லை. தளத்துக்கு வந்து நிற்பதற்கு முன்னால் லிஃப்ட் ஒரு முனகு முனகுமே, அந்தச் சத்தம். வந்து நிற்கப்போகிறதை ஒவ்வொரு தடவையும் நடுவழியில் கதவைத் திறந்து நிறுத்தியவன் நான்.

மனைவி வந்ததும் சொன்னேன். பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்:

"அப்ப இத்தனை நாளா அவளை எழுப்பிவிட்டது நீதானா?"

"நாம."

"நீ."

மார்ச் 18, புதன்

புது ஏற்பாடு. அதே தள அறிவிப்புதான், ஆனால் அவள் கட்டிலில், என் கை அவள் வயிற்றில். மூன்றாவது தளத்தோடு நான் வெளியே வந்துவிட வேண்டும். மீதியை அவளே இறங்கிக்கொள்ளட்டும். சத்தம் வந்தால், எழுந்து போகிறவர் முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும், விரல் இடுக்கெல்லாம். அதற்குப் பிறகும் அழுதால், உடனே போ.

இன்று மனைவி இரண்டு முறை கழுவினாள், நான் ஒரு முறை. நாலாவது தடவை யாரும் எழவே தேவைப்படவில்லை.

மார்ச் 21, சனி

கழுவினேன். அழுகை ஏறியதே தவிர இறங்கவில்லை. எடுத்துப் பார்த்தால் ஈறு சிவந்திருக்கிறது, பல் வருகிறது. சாயங்காலம் முழுக்கத் தோளில்தான். "இதான் நிஜ அலாரம்" என்றாள் மனைவி. பழகியதெல்லாம் போச்சு என்று பயந்தேன். ஆனால் ஒன்று, இரண்டு சத்தத்துக்கும் வித்தியாசம் இப்போது கேட்கிறது. முன்னே கேட்டதில்லை.

மார்ச் 24, செவ்வாய்

பழகியது போகவில்லை. ஐந்தாவது தளத்திலேயே தூங்கிவிட்டாள். என்னைப் பேசி முடிக்கக்கூட விடவில்லை. முதலாளி என்றால் அப்படித்தான்.

மார்ச் 30, திங்கள்

லிஃப்ட் கூண்டின் மேலே நின்றுகொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, பயப்படாதீங்க. படுக்கப் போட்டேன், கொஞ்சம் முனகினா, தூங்கிட்டா. நீங்க சொல்லிக் குடுத்த ஏழாம் மாடி ஆறாம் மாடியெல்லாம் நான் சொல்லல. நம்ம வீட்டுக்கு மாடியே கிடையாது."

கூட வேலை செய்கிறவன், "என்னடா, பல்லைக் காட்டிட்டு நிக்கற?" என்றான். காட்டினேன், என்ன இப்போ?

மனைவி அந்தச் சட்டையில் மருந்து வாசனையோடு வந்தாள். வாய் ஓயவில்லை. எந்தக் கிழவர் எந்த மாத்திரைக்குச் சண்டை போட்டார், யார் அவளை இன்னும் ஞாபகம் வைத்திருந்து விசாரித்தார்கள் என்று. மாற்றி மாற்றிச் சாப்பிட்ட நாங்கள், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எதிரெதிரே உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டோம்.

பாதியில் உள்ளிருந்து ங்... என்றது. அவள் எழுந்தேவிட்டாள்.

"கையைக் கழுவிட்டு வா."

முறைத்தாள். ஆனாலும் போனாள். சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, வேண்டுமென்றே மெதுவாகக் கழுவினாள். குழாயை மூடினாள். இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம்.

ஒன்றுமில்லை.

ஈரக் கையை என் இடது தோளில் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். "சாப்பிடு, ஆறிடப் போகுது" என்றாள்.