கட்டிலுக்கடியில் கிரில் உறை

ஜூன் 3, செவ்வாய்
இன்றைக்கும் மழை. சம்பந்தி காலையிலேயே பேப்பரோடு கக்கூஸுக்குள் போனவர் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தார். மகள் வீட்டில் எனக்கு ஓர் அறை, மாப்பிள்ளையின் அப்பாவான அவருக்கு ஓர் அறை, இரண்டு கிழங்களுக்கும் ஒரே கக்கூஸ். எந்த மகராசன் கட்டினானோ. இந்த ஆளுக்கு ஒரு வழி பண்ணாமல் விடமாட்டேன்.

ஜூன் 4
பண்ணியாச்சு. கொல்லையில் மாப்பிள்ளை கறி சுடுகிற கரி அடுப்பு, கிரில்லாம், நிற்கிறது. பெற்ற பிள்ளையைக்கூட அப்படித் துடைத்திருக்கமாட்டார். அதை மழைக்கு மூடுவது சம்பந்தி வேலை. மூடிவிட்டுத்தான் போனார். நான் உறையை உருவி வந்து என் கட்டிலுக்கடியில் திணித்துவிட்டேன். மழையில் கொல்லைப் பக்கம் யார் போகப்போகிறார்கள்?

ஜூன் 9
கிரில்லின் கம்பி வலை முழுக்கத் துரு, செங்கல் நிறம். மாப்பிள்ளை கத்து கத்தென்று கத்தினார். "மூடினேன்டா" என்றார் சம்பந்தி. உறை எங்கே என்றதும் முழித்தார். பல்செட்டு கழன்று விழும்வரை சிரித்தேன், தனியாக.

ஜூன் 10
மாப்பிள்ளை மகளிடம் சொன்னது காதில் விழுந்தது. போன மாதம் அப்பா கேஸை அணைக்க மறந்தாராம், இப்போது இது. முதியோர் இல்லத்தில் விட்டுவிடலாமாம். ஞாயிற்றுக்கிழமை போய் இடம் பார்க்கிறார்களாம்.
இது என்ன கூத்து? திட்டு வாங்கட்டும்னுதானே செஞ்சேன்?
சரி, போகட்டுமே. கக்கூஸ் எனக்கே.

ஜூன் 11
துருவை எடுத்துவிட்டால் பேச்சு அடங்கிவிடும் என்று நானே இறங்கினேன். வலையை வினிகரில் ஊறவைத்து, கம்பி பிரஷால் கை கழலத் தேய்த்தேன். பளிச்சென்று வந்தது. தண்ணீரில் அலசி வைத்தேன். சம்பந்தி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கட்டும், கண்ணு நோவ.

ஜூன் 12
மறுபடி துரு! சம்பந்தி வந்து நின்றார். "ஈரத்தோட விட்டா துரு வராம பூவா பூக்கும்? துடைச்சு, கரி மூட்டிக் காயவச்சு, எண்ணெய் தடவணும்."
இந்த ஆளுக்கா மறதி?
போகிறபோது திரும்பி, "சம்பந்தி, நான் மூடலையோ? எனக்கே சந்தேகமா இருக்கு" என்றார்.
பிரஷைத் தூக்கி எறிஞ்சேன். அது என் கால்லயே விழுந்தது. நல்லா வேணும்.

ஜூன் 14, சனி
சாப்பாட்டு நேரத்தில் உறையைக் கொண்டுபோய் மேசைமேல் போட்டேன். சொல்லிவிட்டேன்.
"வெட்கமா இல்லையாப்பா உங்களுக்கு?" என்றாள் மகள். மாப்பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார்.
சம்பந்தி உறையைத் தடவித் தடவிப் பார்த்தார். "அப்ப நான் மூடியிருக்கேன்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கரியே பற்றிக்கொண்டிருக்கும்.

ஜூன் 15
யாரும் இடம் பார்க்கப் போகவில்லை. என்னோடு யாரும் பேசவுமில்லை.

ஜூன் 17
விடிந்ததிலிருந்து பல்செட்டைக் காணோம். ரொட்டியைப் பாலில் ஊறவைத்து விழுங்கினேன். வீடெல்லாம் தேடிவிட்டுக் கொல்லைக்குப் போனேன். கிரில்லுக்கு உறை போட்டு நாலு முடிச்சு. அவிழ்த்து மூடியைத் திறந்தேன். துரு ஒரு பொட்டு இல்லை, எண்ணெய் பூசி வலை கறுப்பாக மினுங்குகிறது. நட்டநடுவில் என் பல், என்னைப் பார்த்து இளித்துக்கொண்டு.
உள்ளே வந்தால் கக்கூஸ் கதவு தாழ் போட்டிருக்கிறது. இன்றைய பேப்பரையும் காணோம்.