அவள் இறங்கும் வரை

காலையில் செங்கம் ரோட்டு மெடிக்கலில் டீமுக்கு வலி ஸ்ப்ரே வாங்கப் போயிருந்தேன். டப்பா வேலை செய்கிறதா என்று பார்க்கக் கடைக்காரர் ஒரு தடவை அழுத்தினார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். காலில் அடித்தது போதாதென்று சாக்ஸுக்கு உள்ளேயும் அடித்துக்கொள்வாயே, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைத் திறப்பார்களே, அதே வாடை. வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். நீ போய் ஒரு மழைக்காலம் தாண்டிவிட்டது. உன்னோடு எனக்கிருக்கும் வழக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. அதைத்தான் எழுதுகிறேன். எதிர்வாதம் பண்ண நீ இல்லை என்பதால் நான் ஜெயித்துவிட்டதாக ஆகாது, தெரியும்.

இப்போது நான் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். நாம் ஒருவரை பி.டி. மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டு அலைந்தோம் அல்லவா, இப்போது என்னை அப்படிக் கூப்பிடுகிறார்கள். கல்லூரியில் நான் கோல்கீப்பர், நீ எனக்கு முன்னால் நின்ற டிஃபெண்டர். படித்த காலம் முழுக்க உன் முதுகைப் பார்த்தபடியே ஆடினேன். நீ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்தவள். ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் சாப்பாடும் கல்லூரிச் செலவு. அந்த சீட்டு போனால் டிகிரி போச்சு. "மல்லாட்டை புடுங்க ஆள் கெடைக்கல, நீ வந்துடு"ன்னு சொல்ல எங்கப்பா ரெடியா இருக்காரு என்று உங்கள் வேர்க்கடலைக் கொல்லையைப் பற்றி நீயே சிரித்துக்கொண்டு சொல்லுவாய். அது வேடிக்கைப் பேச்சில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நம் பெண்களுக்கு முடியை வெட்டிக்கொள்ள வீட்டில் விடமாட்டார்கள். கொண்டை போட்டால் பந்தைத் தலையால் முட்டும்போது அவிழ்ந்துவிடும். அதனால் எல்லோரும் இறுகப் பின்னி, பின்னலை ஜெர்ஸிக்குள் செருகிக்கொண்டு ஆடுவோம். ஓட ஓட அது வெளியே வந்துவிடும். இன்றைக்கும் என் டீம் பிள்ளைகள் அப்படித்தான் ஆடுகிறார்கள். ஆட்டத்துக்கு முன் அவர்களை வரிசையில் நிறுத்தி, பின்னல் உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அனுப்புகிறேன்.

அன்றைக்கு அரையிறுதி, நம் கிரவுண்டில். வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி டீம். அவர்களுடைய ஃபார்வர்டு பவித்ரா, ஒல்லியான பெண், நல்ல ஓட்டம். ஒவ்வொரு கார்னருக்கும் அவள் முழங்கை உன் விலாவில் இறங்கியது. பின்னால் நின்ற எனக்கு அது துல்லியமாகத் தெரிந்தது. ரெஃப்ரிக்குப் பந்துமேல்தான் கண். நீ அவரிடம் போய், "சார், அந்தப் பொண்ணு இடிச்சிக்கினே இருக்குது சார்" என்றாய். "ஆடும்மா, ஆடு" என்று கையை வீசிவிட்டுப் போனார். இரண்டாம் பாதியில் பவித்ரா உன்னைத் தாண்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தாள். பின்னல் வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது. நீ எட்டி அதைப் பிடித்து இழுத்தாய்.

அவள் பின்பக்கமாகப் போய்த் தோளில் விழுந்தாள். எலும்பு போன சத்தம் எனக்குக் கேட்டது. ரெட் கார்டு காட்டினார்கள். நீ வாதாடவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போகும்வரை நின்று பார்த்துவிட்டு வெளியே நடந்தாய். அது ஆட்டத்தில் நடந்த விபத்து இல்லை. நீ செய்தது அடிதடி. அதில் உனக்கும் எனக்கும் எப்போதும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

மதில்மேல் உட்கார்ந்திருந்த எவனோ போனில் எடுத்திருந்தான். சாயங்காலத்துக்குள் அது ஊரில் எல்லாக் கைகளிலும் இருந்தது. முழங்கை அதில் இல்லை. இழுத்தது மட்டும், திரும்பத் திரும்ப, பின்னால் ஒரு குத்துப்பாட்டோடு. பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கப் போனால் நம் டிராக் சூட்டைப் பார்த்துவிட்டு, "எப்பா, ஜாக்கிரதையா நில்லுங்கப்பா" என்று கிண்டல் பண்ணினார்கள். மறுநாள் நிர்வாகத்திலிருந்து சொல் வந்தது. கல்லூரிப் பேர் கெட்டுவிட்டதாம். உனக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாமாம்.

ஹாஸ்டல் அறையில் டீம் மொத்தமும் கூடியது. "கை மாட்டிக்கிச்சுன்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிடலாம்" என்றாள் கேப்டன். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான். நீ கட்டிலில் உட்கார்ந்து ஷூவிலிருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாய்.

"மாட்டல. புடிச்சேன்."

"லூசாடி நீ? டி.சி. குடுத்துடுவாங்க" என்றாள் கேப்டன்.

"குடுக்கட்டும், குடுக்காம போகட்டும். அவளுக்கு எலும்பு போயிருக்கு. நீங்க கத கட்டிக்கினு இருக்கீங்க." அப்புறம் என்னைப் பார்த்தாய். "கீப்பரே, நீதான் பின்னாடி நின்னு பாத்த. ரெண்டையும் சொல்லு. அவ இடிச்சத மட்டும் சொல்லிட்டு என்னுத விட்டுட்டேன்னு வச்சுக்கோ, நான் உன்கூட பேசவே மாட்டேன்."

விசாரணையில் இரண்டையும் சொன்னேன். பிரின்சிபால் கேட்டுக்கொண்டார். "எல்லாம் சரிம்மா, ஊரே பாத்துடுச்சே" என்றார். அப்போது நீ சொன்னதை இன்று வரை நான் பல கூட்டங்களில் என் வாக்கியம் போல எடுத்துவிட்டிருக்கிறேன். "நான் இழுத்ததுக்கு என்ன தண்டனையோ அத குடுங்க மேடம். ஊரு பாத்ததுக்குன்னு தனியா குடுக்காதீங்க." ஒரு பேராசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது, "பேச்சப் பாரு" என்றார். பி.டி. மேடம் எழுந்து, முடிவெடுக்கக் கொஞ்சம் டயம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார்.

பவித்ராவின் வீட்டுக்குப் போய் வரலாம் என்றது பி.டி. மேடம்தான். போளூர் தாண்டி ஒரு ஊர். "வெறுங்கைய வீசிக்கினு போகக்கூடாது" என்று தேரடித் தெருவில் ஆப்பிள், சாத்துக்குடி, வாழைப்பழம், வெற்றிலை, பூ எல்லாம் வாங்கி ஒரு எவர்சில்வர் தட்டில் அடுக்கினார். பட்டுச்சேலை வேறு. நாளைக்குப் பௌர்ணமி, பஸ்ஸெல்லாம் கிரிவலத்துக்குத் திருப்பிவிட்டுவிடுவார்கள், இன்றைக்கே போய்விடலாம் என்று அவசரப்படுத்தினார். எனக்கும் உனக்கும் இருந்ததில் நல்ல சுடிதார்.

அந்த வீட்டு வாசலில் பவித்ராவின் பெரியம்மா நின்றிருந்தார். தட்டைப் பார்த்தார். பட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க வாங்க, உள்ள வாங்க. நாளைக்கு வர்றீங்கன்னுல்ல புரோக்கர் சொன்னாரு" என்று பாயை விரித்தார். பி.டி. மேடம் வாயைத் திறப்பதற்குள் தட்டு சாமி படத்துக்கு முன்னால் போய்விட்டது. காபி வந்தது. "பொண்ணு வெளையாடும்போது கீழ விழுந்துட்டா, கையில கட்டுப் போட்டிருக்கு. வேற ஒரு குறையும் இல்ல, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று மேடத்திடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பிறகு உன் பக்கம் திரும்பி, "நீ மாப்பிள்ளைக்குத் தங்கச்சியாம்மா?" என்றார்.

"இல்லைங்க" என்றாய் நீ, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு. "நான்தாங்க அவங்கள இழுத்துத் தள்ளினவ."

அந்த அம்மாளின் முகம் போன போக்கை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. உள்ளேயிருந்து பவித்ராவின் அம்மா வந்தார். சத்தம் போடாமல்தான் பேசினார். "எம்பொண்ணால கைய தூக்கித் தலை பின்னிக்க முடியல. நீ ஆப்பிள் எடுத்துக்கினு வந்திருக்க." நீ எழுந்து நின்றாய். "தப்புங்கம்மா. வலி எனக்கும் இருந்துச்சு, ஆனா நான் செஞ்சது தப்பு" என்றாய். அதற்குள் பவித்ரா நைட்டியும் கைத்தூளியுமாக வாசற்படியில் வந்து நின்றாள். உன்னை வெறித்துப் பார்த்தாள்.

நடந்ததை பி.டி. மேடம் அவளிடம் சொன்னார், டி.சி. வரைக்கும். அவள் கேட்டுவிட்டு, "காலேஜ விட்டெல்லாம் தொரத்த வேணாம் மேடம். நானும் இடிச்சேன், இல்லன்னு சொல்லல" என்றாள். அப்புறம் உன்னிடம் நேராக: "ஆனா நான் திரும்ப கிரவுண்டுல எறங்குற வரைக்கும் நீயும் எறங்கக்கூடாது. அவ்ளோதான்."

"சரி" என்றாய்.

அந்த வீட்டிலிருந்தே பவித்ரா நம் பிரின்சிபாலிடம் போனில் பேசினாள். டி.சி. பேச்சு நின்றது. அந்த சீசன் முழுக்க நீ ஆடக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். சீட்டும் ஹாஸ்டலும் தப்பின. திரும்பி வரும் பஸ்ஸில் பி.டி. மேடம் கண்ணை மூடிக்கொண்டு அண்ணாமலையாரைக் கும்பிட்டார். இதைவிட நியாயமாக ஒரு தண்டனை இருக்க முடியாது என்று நானும் நினைத்தேன். அவள் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் நீயும் உட்காரு. வேறு என்ன வேண்டும்?

பவித்ராவுக்கு எலும்பு கூடிவிட்டது. ஆனால் நாம் போய் வந்ததற்கு மறுநாள் அந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது. தையில் கல்யாணம். பவித்ரா அப்புறம் கிரவுண்டுப் பக்கமே வரவில்லை என்று அவளுடைய டீம் பெண்கள் சொன்னார்கள்.

அடுத்த சீசனுக்கு உன் தடை முடிந்தது. பி.டி. மேடம் ஜெர்ஸியை எடுத்து நீட்டினார். நீ வாங்கவில்லை. "அவ இன்னும் எறங்கலையே மேடம்" என்றாய். மேடம் திட்டினார், கெஞ்சினார், கடைசியில் உன் சீட்டுக்கு வம்பு வராமல் இருக்க உன்னை டீம் மேனேஜர் என்று எழுதிக் காப்பாற்றினார். நமக்குள் அப்போது ஆரம்பித்த சண்டை இது. நான் ரூல் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினேன். ரெட் கார்டுக்கு இத்தனை மாட்ச் என்று இருக்கிறது, நீ அதற்கு மேலேயே உட்கார்ந்துவிட்டாய் என்றேன்.

"அது ஆட்டத்துக்கு. அவகிட்ட நான் சரின்னு சொன்னது வேற."

"அவ வரவே போறதில்லடி. சாகுற வரைக்கும் உக்காந்திருப்பியா?"

"அவளும்தான் உக்காந்திருக்கா."

"அவ உக்காந்தது கல்யாணத்தால. உன்னாலயா?"

"என்னால இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாய். அவளிடமே போய்க் கேள் என்றேன். "கல்யாணம் ஆன வீட்டுக்குப் போயி, மாமியார் எதிர்ல, நீ எப்போ ஆட வருவேன்னு கேக்கவா? ஏற்கெனவே ஒரு தடவ போயி காபி குடிச்சது போதும்" என்று பேச்சை முடித்துவிட்டாய்.

படிப்பு முடிந்து ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வரவேற்பில் உட்கார்ந்தாய். வெள்ளைக்காரர்களுக்குச் சாவி கொடுத்து வாங்கும் வேலை. லீவு நாளில் என் பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க வருவாய். கோட்டுக்கு வெளியேதான் நிற்பாய். பந்து உன் பக்கம் உருண்டு வந்தால் குனிந்து கையால் எடுத்து வீசுவாய். ஒரு தடவைகூடக் காலால் தட்டவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உன்னை நான் மதித்தேன் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். பாதி நாள் எரிச்சல்தான் பட்டேன்.

அப்புறம் டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் உன் அம்மா என் கையைப் பிடித்தபடி இருந்தார். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

உன் காரியத்துக்குப் பவித்ரா வந்தாள். யாரோ வைத்த ஸ்டேட்டஸில் உன் போட்டோவைப் பார்த்தாளாம். இடுப்பில் குழந்தை. எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவளே சொன்னாள். பந்தலுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தோம். "அதுக்கப்புறம் நல்லா ஆடினாளா? எந்த டீமுக்குப் போனா?" என்று கேட்டாள்.

நான் சொன்னேன். அவள் அன்றைக்கு வாசற்படியில் நின்று சொன்னதை, நீ சரி என்றதை, ஜெர்ஸியை வாங்க மறுத்ததை.

"நான் அப்படியா சொன்னேன்?" என்றாள் பவித்ரா. குழந்தையை இறக்கிவிட்டாள். "எனக்கு ஞாபகமே இல்லியேக்கா. கோவத்துல ஏதோ சொல்லியிருப்பேன். எங்க வீட்டுல ஆட்டத்த நிறுத்தணும்னு எப்பவோ முடிவு பண்ணிட்டாங்க. அந்த டோர்னமெண்டு தாண்டி ஆடியிருக்கவே மாட்டேன்." குழந்தை ஓடாமல் பிடித்துக்கொண்டு, "அவ ஆடியிருக்கலாமேக்கா" என்றாள்.

"ஆடியிருக்கலாம்" என்றேன்.

சில மாதங்களுக்கு முன் என் டீமில் ஒரு பெண், கீழே விழுந்து கிடந்தவளை வேண்டுமென்றே உதைத்துவிட்டாள். போட்டிக் குழுவில் நானும் ஒருத்தி. என் டீம் என்பதால் குறைக்கவில்லை. கடுமையாகவே கொடுத்தோம். ஆனால் எந்த மாட்சோடு தண்டனை முடிகிறது, எந்தத் தேதியில் அவள் திரும்ப ஆட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுத வைத்தேன். அதெல்லாம் எதற்கு என்று கேட்டார்கள். எழுதுங்கள் என்றேன். வெளியே நின்ற அந்தப் பெண்ணிடம், "அன்னிக்கு நீ வரலைன்னு வச்சுக்கோ, வீட்டுக்கே வந்து இழுத்துக்கினு போவேன்" என்றேன். அவள் பயந்துபோய்த் தலையாட்டினாள்.

அந்தத் தேதியில் வந்தாள். முதல் பந்தையே தப்பாக அடித்து எதிராளியிடம் கொடுத்தாள். பக்கத்தில் நின்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் கைதட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாவி, உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.