மூக்கில் ரோஸ், உதட்டில் ரோஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

வருகிற வெள்ளிக்கிழமை உங்களுக்கு முதல் வருஷ திதி. சித்தப்பா நேற்று வந்து எல்லாவற்றையும் பேசிவிட்டுப் போனார். வாழையிலைக்குச் சொல்லியாயிற்று. மம்சாபுரத்துச் சொந்தங்களுக்குச் சொல்லியாயிற்று. ஒன்றில் மட்டும் அவருக்கும் எங்களுக்கும் ஒத்துவரவில்லை. படையலுக்கு யார் சமைப்பது?

அக்கா சமைக்கக் கூடாது என்கிறார் சித்தப்பா. "எங்க அண்ணனுக்கு அது பிடிக்காதுன்னு ஒனக்கே தெரியும்லே. செத்தவரு மனசு நோகக் கூடாது" என்கிறார்.

தெரியும். உங்கள் மனசு எப்போது நோகும், எதற்கு நோகாது, இரண்டும் எனக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

புத்தகத்தில் அதற்கு இளஞ்சிவப்பு என்று பெயர். நம் வீட்டில் ரோஸ். இந்த ஊரில் அது எங்கும் கிடக்கிற நிறம். மழை பெய்த பிறகு கண்மாயில் தாமரை. பிளந்த கொய்யா. கன்றுக்குட்டியின் நாக்கு. கல்யாணப் பத்திரிகை. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டத்தில் குச்சியில் சுற்றித் தருகிற பஞ்சுமிட்டாய். இதில் எதையும் நீங்கள் நின்று பார்த்ததில்லை. உங்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு ரோஸ்தான். ராஜபாளையம் நாயின் மூக்கு.

மில்லில் ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பின்கட்டுக்குப் போவீர்கள். அங்கே உங்கள் நாய்கள். உடம்பு பால் வெள்ளை. மூக்கு ரோஸ். வயிறு ரோஸ். கண் இமையின் விளிம்பு ரோஸ். ஒவ்வொரு குட்டியின் மோவாயையும் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பி, வைரம் பார்ப்பதுபோல் பார்ப்பீர்கள். எங்கள் மோவாயை நீங்கள் தூக்கியதாக எனக்கு நினைவில்லை.

மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் காரில் வருவார்கள். சில வியாபாரிகள் குட்டியின் மூக்கில் கறுப்புப் புள்ளி இருந்தால் அதன்மேல் சாயம் தடவி விற்பதுண்டு. அதனால் வாங்க வருகிறவர்கள் ஈரத்துணியால் மூக்கைத் துடைத்துப் பார்ப்பது ஊர் வழக்கம். அவர்கள் கேட்பதற்கு முன்பே நீங்கள் துணியை நனைத்து நீட்டுவீர்கள். "நல்லாத் தொடச்சுப் பாருங்க. எம்புட்டுத் தேச்சாலும் போகாது. இது ரத்தத்துல உள்ளது."

புள்ளி விழுந்த குட்டிகளுக்குக் காரில் ஏறும் யோகம் இல்லை. கண் திறப்பதற்கு முன்பே சிமெண்டுப் பையில் போட்டுக் கண்மாய்க்கு எடுத்துப் போவீர்கள். ஒருமுறை அக்கா பையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணுப்பா. நான் வளத்துக்கிடுதேன்."

"களங்கத்த வீட்டுக்குள்ள வச்சா அது பரவும்ட்டி. கைய எடு."

அவள் கையை எடுத்தாள். அப்போது அவள் உடம்பில் ஒரு புள்ளியும் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது அவளுக்குக் கீழ் உதட்டின் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு இடம் வெளுத்தது. கொதிக்கிற குழம்பை ருசி பார்த்ததில் சுட்டுவிட்டது என்று நினைத்தாள். பொங்கலுக்குள் அது உதடு முழுக்கப் பரவிவிட்டது. கறுத்த முகத்தில், வெள்ளைப் பற்களைச் சுற்றி, நல்ல ரோஸ். அழகாக இருந்தது அப்பா. இதை அன்று யாரும் சொல்லவில்லை. நான் இப்போது சொல்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். இது தொற்றாது, குஷ்டம் இல்லை, தோலின் நிறம் போகிறது, அவ்வளவுதான். நீங்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டீர்கள். வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். நாய்களுக்குக் கிண்ணம் வாங்கின கடையிலேயே வாங்கினீர்கள். அதே அலுமினியம்.

பிறகு யாரோ ஒரு வைத்தியரிடம் கார்போகரிசி எண்ணெய் வாங்கி வந்தீர்கள். உதட்டில் தடவிக்கொண்டு உச்சி வெயிலில் உட்கார வேண்டும். நிறம் திரும்பும். சித்திரை மாதம். மொட்டை மாடி. உதடு கொப்பளித்தது, உடைந்தது, அதன்மேல் மறுபடி எண்ணெய்.

கீழே பின்கட்டில் நாய்களுக்குத் தென்னங்கிடுகு வேய்ந்த கொட்டகை. அதன்மேல் ஈரச்சாக்கு. ரோஸ் மூக்கு வெயில் தாங்காது, வெந்துவிடும் என்று நீங்கள்தான் மணிக்கொரு தரம் சாக்கை நனைப்பீர்கள். மாடியில் இருந்து அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பா, என்னையும் அங்கன கட்டிப் போடுங்க. நெழலாவது கெடைக்கும்" என்று கத்தினாள்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீங்கள் நிமிரவேயில்லை. சாக்கை நனைத்தீர்கள்.

ஒரே நிறம். ஒரே வெயில். ஒரே ஆள். இதை எப்படிப் புரிந்துகொள்வது? பல்கலைக்கழக நூலகத்தில் நிறங்களைப் பற்றி நிறையப் படித்தேன். இதற்கு விடை எங்கும் இல்லை.

எண்பத்தொன்பதில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். கோயில் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளை, அவர் அப்பா, அவருடைய அத்தை. உதட்டை மறைக்க நீங்கள் கண்டுபிடித்த வழி வெற்றிலை. சுண்ணாம்பைக் கூட்டி, கொட்டைப்பாக்கு வைத்து, நீங்களே மடித்துக் கொடுத்தீர்கள். "நல்லா மென்னு உதட்டுல ஏத்துட்டி. செவப்புக்குள்ள அது ஒளிஞ்சுக்கிடும்."

கல்யாணமாகாத பெண் வெற்றிலை போட்டுக்கொண்டு சபைக்கு வருவதை அந்த ஊர்க்காரர்கள் பார்த்ததே இல்லை. அத்தை முதலில் சிரித்தாள். "என்னத்தா இது, மாப்பிள்ள வாரதுக்கு முன்னாடியே தாம்பூலம் மாத்தியாச்சா?" எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள், உதட்டை விரிக்காமல்.

அத்தோடு விட்டிருக்கலாம். உங்களால் முடியவில்லை. மாப்பிள்ளையின் அப்பா நாய்ப் பிரியர் என்று தெரிந்ததும் பின்கட்டுக்குக் கூட்டிப் போனீர்கள். இருந்ததிலேயே ரோஸான குட்டியைத் தூக்கி, துணியை நனைத்துக் கொடுத்தீர்கள். அவர் துடைத்தார். மூக்கு மின்னியது. "சாயம் போட்டு விக்கிற சோலியே நம்மகிட்ட கெடையாதுல்லா" என்றீர்கள்.

அத்தை நிலைப்படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெரிய பேச்சுக்காரி. நேராக வந்தாள், அவர் கையில் இருந்த அந்தத் துணியை வாங்கினாள், கூடத்துக்குப் போனாள். குட்டியும் கையுமாக நீங்களும் அவரும் பின்னால் போனீர்கள்.

"அப்ப நம்ம பிள்ளையையும் ஒரு தடவ தொடச்சுப் பாத்துருவோம். தப்பில்லையே?"

இடது கையால் அக்காவின் மோவாயைத் தூக்கினாள். துடைத்தாள். ஒரு தடவை அல்ல. நாய் மூக்கைத் துடைத்த துணி. வெற்றிலைச் சிவப்பு துணிக்குப் போனது. ரோஸ் உதட்டில் நின்றது.

"இதுவும் ரத்தத்துல உள்ளதுதானோ?" என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

அப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று அக்கா உங்களைப் பார்த்தாள். அம்மா பார்த்தாள். நான் பார்த்தேன். நீங்கள் மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தீர்கள். கையில் இருந்த குட்டியைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினீர்கள்.

"குட்டிய எடுத்துக்கிடுதீகளா?"

எடுத்துக்கொண்டார்கள். பெண் வேண்டாம், குட்டி போதும். நீங்களே கார் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் மடியில் வைத்தீர்கள். திரும்பி வந்தபோது உங்கள் முகம் மலர்ந்திருந்தது. "மூக்கப் பாத்ததும் மனுசன் மயங்கிட்டாரு" என்றீர்கள். அக்கா அப்போது அடுப்படியில் எல்லாரும் குடித்த காபித் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். தன்னுடையதைத் தனியாக.

அந்தக் குட்டி செவிடு. ரொம்ப ரோஸாக இருக்கிற குட்டிகளில் பலதுக்குக் காது கேட்காது. முதுகுக்குப் பின்னால் கை தட்டிப் பார்த்து நீங்கள் அதைக் கண்டுபிடித்திருந்தீர்கள். தெரிந்துதான் கொடுத்தீர்கள்.

"செவிட்டுக் குட்டியப் போயிக் குடுத்துட்டீகளே" என்றாள் அம்மா.

அக்கா ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள். "குடுத்து வச்ச குட்டிம்மா. அந்தப் பொம்பள என்ன வஞ்சாலும் அதுக்குக் கேக்காது."

அன்றைக்கு நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். மகள் சொன்ன ஒன்றுக்கு நீங்கள் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு யாரும் பெண் பார்க்க வரவில்லை. அம்மா போய்ச் சேர்ந்தாள். உங்களுக்கு வலது கையும் காலும் விழுந்தன. நான் மதுரையில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நீங்களும் அக்காவும் மட்டும். அதற்குள் அவள் இரண்டு கைகளிலும் விரல் நுனிவரை ரோஸ் ஏறியிருந்தது.

உங்களைப் புரட்டிப் போட அந்தக் கை வேண்டும். பீத்துணி கசக்க அந்தக் கை வேண்டும். சோறு மட்டும் அந்தக் கையால் கூடாது. அவள் கரண்டியை நீட்டினால் வாயை மூடிக்கொண்டீர்கள். பேச்சு போன பிறகும் அந்த ஒரு வேலையைச் செய்ய வாய்க்குத் தெம்பு இருந்தது.

பக்கத்து வீட்டு மைதீன் பீவி அக்கா கடையைப் பூட்டிவிட்டு வந்து ஊட்டினார்கள். "அண்ணே, சோறு ஆக்குனது ஒங்க மவ. கொழம்பு கூட்டுனது ஒங்க மவ. நான் சும்மா கரண்டிதாண்ணே" என்று சொல்லிச் சொல்லி ஊட்டினார்கள். நீங்கள் தின்றீர்கள். அவர்கள் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குக் காயல்பட்டினம் போயிருந்தபோது பட்டினி கிடந்தீர்கள். கடைசியில் அக்கா போன் பண்ணி, நான் பஸ் பிடித்து வந்து ஊட்டினேன். அவசர அவசரமாக விழுங்கினீர்கள். அக்கா கதவோரம் நின்று, நீங்கள் சாப்பிடுவதைக் கடைசி வாய் வரைக்கும் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது கோபமில்லை. பசி. நீங்கள் சாப்பிடாத நாட்களில் அவளும் சாப்பிடவில்லை.

நீங்கள் செத்த அன்று வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். "செண்பகம் வேண்டாம். ஒங்க சித்தி போடட்டும்" என்றார் சித்தப்பா. அக்கா யாரையும் கேட்கவில்லை. அரிசியை அள்ளிக்கொண்டு உங்கள் தலைமாட்டில் குனிந்தாள். உங்கள் வாய் லேசாகத் திறந்திருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

"இப்ப மூடுங்க பாப்போம்" என்றாள்.

போட்டாள். ஒரு கைப்பிடி முழுக்க.

இனி நம் வீட்டுச் சேதி. நாய்களை விற்றுவிட்டோம், கிழட்டுப் பெட்டை ஒன்றைத் தவிர. அது ஒரு தெருநாயோடு போய்விட்டு வந்தது. குட்டிகளுக்கு மூக்கு கறுப்பு, உடம்பெல்லாம் திட்டு. அக்கா எல்லாவற்றையும் வளர்க்கிறாள். கை தட்டினால் அத்தனையும் ஓடி வருகின்றன. உங்களுக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் நன்றாக இருக்கிறது.

அக்கா முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். கழுத்தும் கன்னமும் கண்ணிமையும் வெளுத்தாயிற்று. போன வாரம் ஒரு பெண் ரோஸ் ஜாக்கெட் துணி கொண்டுவந்து, மேட்சான நூல் இருக்கிறதா என்று கேட்டாள். அக்கா துணியைத் தன் கன்னத்தில் வைத்துக் காட்டினாள். "நூல் இல்லட்டி. தோல் இருக்கு. பரவால்லையா?" அந்தப் பெண் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அக்கா செத்த நேரம் சிரித்தாள். பிறகு மிஷினை ஓட்டவில்லை.

நேற்று சித்தப்பா பேசியதை எல்லாம் அவளும் உள்ளிருந்து கேட்டாள். அவர் சோற்றுக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னபோதுதான் வெளியே வந்தாள்.

"அவரு திங்கணும்னு நான் சொல்லல சித்தப்பா. நான் ஆக்கணும். அம்புட்டுத்தான்."

"அண்ணன் எறங்க மாட்டாருத்தா. எலை அப்படியே கெடக்கும்."

"கெடக்கட்டும்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். ஆண்பிள்ளை நான், கொள்ளி வைத்தவன், என் வாயிலிருந்து வர வேண்டும் என்று காத்திருந்தார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. அவள் சபையில் ஒருமுறை ஓர் ஆண்பிள்ளையைப் பார்த்தவள். இரண்டாம் தடவை பார்க்க மாட்டாள்.

"அக்காதான் ஆக்கும்" என்றேன்.

"அப்ப நான் வரலலே."

"சரி சித்தப்பா."

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மம்சாபுரத்துக்காரர்களும் வர மாட்டார்கள் என்று நினைக்கிறேன். மைதீன் பீவி அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அப்பா. எனக்கு உயிர் இருக்கும்வரை வருடத்துக்கு ஒருமுறை உங்களுக்கு இலை விழும். தவறாது. சாதம், பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், நீங்கள் ஆசையாய்த் தின்கிற உளுந்தவடை. எல்லாம் அக்கா கையால். வேறு கை பட்ட ஒரு பருக்கைகூட அந்த இலையில் இருக்காது. பசித்தால் வந்து சாப்பிடுங்கள். வாயை மூடிக்கொள்வதானால் மூடிக்கொள்ளுங்கள். சோறு ஆறும்வரை காத்திருப்போம். அதன் பிறகு நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவோம்.

இப்படிக்கு,
செண்பகத்தின் தம்பி